புகார் சொன்னவர் அன்றிரவும் அங்கேதான் படுக்க வேண்டும்

பெங்களூரில் முதியோர் இல்லங்களின் ஊழியர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இல்லம் நடத்தும் அறக்கட்டளைகள், வெளியாள் ஒருவர் விசாரித்தால் நல்லது என்று நினைக்கும்போது கூப்பிடுவார்கள். தமிழும் கன்னடமும் சரளமாக வரும், இந்தி ஓரளவு வரும். அதனால் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்ப் பெரியவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் பெரும்பாலும் என்னிடம் வந்துவிடும். கீழே சொல்பவர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அலுவலகத்தில் ஒருவர் புகார் கொடுத்தால் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். இல்லத்தில் அப்படி இல்லை. யார் மீது புகார் சொன்னாரோ அவர்தான் இரவு டயப்பர் மாற்ற வேண்டும், மாத்திரை எடுத்துத் தர வேண்டும், தண்ணீர் டம்ளரைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். ஹெண்ணூர் சாலைக்கு அப்பால் ஓர் இல்லத்தில் இருந்த மில் தொழிலாளி ஒருவர், ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆனவர், நான் நோட்டை எடுத்ததுமே சொன்னார்: “நீங்க எழுதிக்கிட்டுப் போயிடுவீங்கம்மா. நாளைக்குக் காலையில எனக்கு காப்பி வராது.” விசாரணையின் ஒவ்வொரு அடியையும் அந்தப் பயத்தை முன்னால் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். உண்மையைக் கண்டுபிடிப்பது முக்கியம். கண்டுபிடிக்கும் நாட்களில் அவருக்குக் காப்பி வருவதும் அதே அளவு முக்கியம்.

அதனால் முதல் நாள் நான் யாரையும் விசாரிப்பதில்லை. புகாரில் பெயர் உள்ள ஊழியரை அந்தப் பெரியவரிடமிருந்து விலக்கி, பெரியவர்களைத் தொட்டுப் பணிவிடை செய்யும் வேலை இல்லாத இடத்தில், சம்பளம் குறையாமல் வைக்கச் சொல்வேன். இது தண்டனை இல்லை என்று அவரிடமே நேரில் சொல்லிவிடுவேன். பிறகு, இல்லத்துக்கு வழக்கமாக வரும் டாக்டர் அல்லாத வேறொரு டாக்டரை வரவழைத்து உடம்பைப் பார்க்கச் சொல்வேன். காயம் இருந்தால் பெரியவரின் சம்மதத்தோடு, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். குடும்பத்துக்கு அன்றே தகவல் போக வேண்டும்.

அடுத்தது சிசிடிவி. பல இல்லங்களில் பதிவுப் பெட்டி இரண்டு வாரமோ ஒரு மாதமோதான் தாங்கும், பிறகு பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். கடிதம் எழுதி, கமிட்டி கூடி, தேதி குறித்துப் போவதற்குள் காட்சி அழிந்திருக்கும். புகார் வந்த அன்றே பிரதி எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது திரையில் ஓடும் நேரத்தையும் உங்கள் போனில் உள்ள நேரத்தையும் ஒரே படத்தில் பிடித்து வையுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு அந்தப் பெட்டிகளின் கடிகாரம் சரியான நேரம் காட்டுவது அபூர்வம். மில் தொழிலாளியின் விஷயத்தில் அது நாற்பது நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழிக்காமல் பார்த்திருந்தால் எல்லோருடைய வாக்குமூலமும் பொய்யாகத் தெரிந்திருக்கும்.

அவர் விஷயத்தை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அதில் இருக்கிறது. அவருக்கு பார்க்கின்சன் நோய். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த மகள், மணிக்கட்டில் கோடு போட்டதுபோல் தழும்பையும் கன்னத்தில் வீக்கத்தையும் கண்டு கேட்டிருக்கிறார். “ராத்திரி டூட்டிப் பொண்ணு அறைஞ்சா, துப்பட்டாவால கையக் கட்டினா” என்று அப்பா சொன்னார். இல்லத்தின் மேனேஜரோ, “அவருக்கு மறதி இருக்கு மேடம், கனவையும் நிஜத்தையும் கலந்து பேசுவார்” என்றார். சரி, ஆளை மாற்றிவிடுகிறோம், இதோடு முடித்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை.

அறைக்குள் கேமரா கிடையாது, இருக்கவும் கூடாது. நடைவழியில் ஒன்று இருந்தது. அதில் இரவு எட்டு மணியிலிருந்து ஒரே ஒரு பெண் அறை அறையாக ஓடிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு பேருக்கு ஆயா என்று அவர் ஒருவர்தான். கூட வேலை செய்ய வேண்டிய இன்னொரு பெண், பீகார், ஜார்கண்ட் பக்கத்துப் பண்டிகையான சட் பூஜைக்கு ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. மாற்று ஆள் போடவில்லை. ஆனால் குடும்பங்களுக்குப் போன பில்லில் இரவுக்கு இரண்டு பேர் என்றே கணக்கு இருந்தது.

மாத்திரை சார்ட்டில் அந்தப் பெரியவரின் பார்க்கின்சன் மாத்திரையான சிண்டோபா தினமும் இரவு 8.00 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தது. கேமராவிலோ மருந்துத் தள்ளுவண்டி அவர் அறைக்குப் போனது ஒன்பதே காலுக்குப் பிறகு. எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். பகல் நர்ஸ் கிளம்பும் அவசரத்தில் இருப்பார், இரவு நர்ஸ் பொறுப்பை வாங்கிக்கொண்டிருப்பார், நடுவில் மருந்து நிற்கும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு இந்த மருந்தின் வேலை சில மணி நேரம்தான். அடுத்த வேளை தள்ளிப்போனால் உடம்பு விறைத்துவிடும். கையை மடக்கு என்றால் மடக்க முடியாது, பிடித்ததை விடு என்றால் விட முடியாது. தெரியாதவர்களுக்கு அது பிடிவாதம் போலவே தோன்றும். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பெண் டயப்பர் மாற்றப் போயிருக்கிறார். அவர் குர்தாவைப் பிடித்த பெரியவரின் கை விடவில்லை. அந்தப் பெண் இந்தியில் கத்தியிருக்கிறார். பெரியவருக்கு இந்தி தெரியாது. அந்தப் பெண் அறைந்தார், பிறகு அவர் கையைக் கட்டிலின் கம்பியோடு கட்டினார்.

ஜார்கண்டிலிருந்து வந்த அந்தப் பெண் இதை என்னிடம் ஒப்புக்கொண்டார், அழாமல், நேராக. அறைந்தது அறைந்ததுதான். ஆள் குறைவு அதற்குச் சமாதானம் ஆகாது, அப்படி நான் எழுதவும் இல்லை. ஆனால் என் அறிக்கையில் முதல் பக்கம் மேனேஜரைப் பற்றியது. ஆள் போடாமல் பணம் வாங்கியது, மருந்து நேரத்தைப் பொய்யாக எழுத விட்டது, அழைப்பு மணியின் ஸ்விட்ச்சை பெரியவர் கைக்கு எட்டாமல் சுவரில் சுற்றி வைத்திருந்தது. இரண்டாம் பக்கம் நர்ஸ். மூன்றாவதுதான் அந்தப் பெண். அறக்கட்டளையில் சிலருக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை. மாற்ற மறுத்துவிட்டேன். மகள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார், அறிக்கையின் பிரதியை அவருக்குத் தரச் செய்தேன்.

பெரியவர்களிடம் பேசுவது தனிக்கலை. ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடக் கூடாது. குளித்து, டிபன் சாப்பிட்டு, மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் முற்பகல் நேரம் நல்லது. மறதி நோய் உள்ளவர்களுக்கு மாலையில் குழப்பம் கூடும். கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றுகொண்டு கேட்காமல் அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். “ஆயா உங்களை அடிச்சாங்களா?” என்பது கேள்வியே இல்லை, பதிலை நாமே வாயில் ஊட்டுவது. “ராத்திரி எப்படிப் போகுதுங்க ஐயா?” என்று ஆரம்பித்தால் போதும், நிறைய வரும். ஒரே விஷயத்தை மூன்று பேர் மாறி மாறிக் கேட்டால் பதில் மாறும், பிறகு அதைக் காட்டியே அவரைப் பொய்யர் ஆக்குவார்கள். அதனால் ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. யார் யாருக்குத் தெரியவரும், அதற்குப் பிறகு என்ன பாதுகாப்பு என்று விளக்கிச் சொல்லுங்கள்.

மறதி நோய் என்றாலே சாட்சி செல்லாது என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். பயம் தங்கிவிடுகிறது. குறிப்பிட்ட ஓர் ஆயா உள்ளே வந்ததும் போர்வையை முகம் வரை இழுத்துக்கொள்ளும் பாட்டியைப் பார்த்திருக்கிறேன். மற்ற ஆயாக்கள் வரும்போது அவர் அப்படிச் செய்வதில்லை. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் ரெஜிஸ்டரை எந்தப் பக்கத்தில் திறப்பது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

பெங்களூரில் மொழி ஒரு பெரிய விஷயம். நாற்பது வருஷம் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையிலோ ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையிலோ வேலை பார்த்து, கன்னடமும் ஆங்கிலமும் தெலுங்கும் பேசிய மனிதர், மறதி முற்றியதும் பிள்ளைப் பருவத்துத் தமிழுக்குத் திரும்பிவிடுவார். பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் ஒடிசா, அசாம், ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள். “ஒண்ணுக்கு வருது” என்று அவர் சொல்வது யாருக்கும் புரிவதில்லை. படுக்கை நனைகிறது, பிறகு திட்டு விழுகிறது. புகார்களில் கணிசமானவை இப்படித் தொடங்குபவை. விசாரிக்கும்போது இல்லத்தின் சூப்பர்வைசரை மொழிபெயர்க்க உட்கார வைக்கவே கூடாது. ஊழியருக்கும் அவர் மொழி தெரிந்த வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். இருபது சொற்களைக் கட்டிலுக்கு மேல் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டச் சொல்லி நான் கேட்காத இல்லம் இல்லை. தண்ணி, வலி, குளிருது, ஒண்ணுக்கு, தூக்கி உக்கார வை. இதற்குச் செலவு ஒரு சார்ட் பேப்பர்.

காயங்களைப் படிப்பதில் அவசரம் கூடாது. வயதானவர்களின் தோல் வெற்றிலைபோல் மெலிந்திருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ சாப்பிடுபவர்களுக்கு முன்கையில் லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் திட்டு வரும். மேல் கையின் உட்பக்கத்தில் விரல் பதிந்ததுபோல் வரிசையாக இருந்தாலோ, தொடையின் உட்பக்கம், முதுகு, காது போன்ற, விழுந்தால் அடிபடாத இடங்களில் இருந்தாலோ கவலைப்பட வேண்டும். எது எப்படி வந்தது என்று டாக்டர்தான் எழுத வேண்டும், நாம் எழுதக் கூடாது.

அடிப்பதைவிட அதிகமாக நான் பார்ப்பது கவனிக்காமல் விடுவது. அது சத்தம் போடாது, அதனால் புகாராகவும் வராது. எடை ரெஜிஸ்டரைக் கேளுங்கள். ஒரு மாதத்தில் உடம்பின் எடையில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்திருந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். எடை ரெஜிஸ்டரே இல்லை என்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. படுத்த படுக்கையானவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம், அதற்கு ஒரு சார்ட் இருக்கும். பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் மாலை நான்கு மணிக்கான டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். மருத்துவமனையில் அட்மிட் ஆகியிருந்த நாளிலும் இல்லத்தில் புரட்டியதாக டிக் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சார்ட்டை நம்பாமல் குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பாருங்கள், படுக்கைப் புண் முதலில் வருவது அங்கேதான். அழுத்தினால் வெளிறாத சிவப்பு இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

டயப்பர் கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். படுக்கையில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாளைக்கு மூன்று என்றாலே மாதத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். கொள்முதல் பில்லில் ஐந்நூறுதான் இருந்தால் மீதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாள் முழுக்கத் தூங்கும் இல்லம் நல்ல இல்லம் இல்லை. மாத்திரை டப்பாவைத் திறந்து, ஆளை அடக்கித் தூங்கவைக்கும் க்வெட்டியாபின், ஹாலோபெரிடால், லோராசிபாம் போன்றவை இருந்தால் எந்த டாக்டர், எந்தத் தேதியில், எத்தனை நாளுக்கு எழுதினார் என்று சீட்டைக் கேளுங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது, க்வெட்டியாபின் வகைக்கு 2005-லேயே, ஹாலோபெரிடால் வகைக்கு 2008-ல். ராத்திரியில் தொந்தரவு கொடுக்கிறார் என்பதற்காக யாரோ சேர்த்து, பிறகு யாரும் நிறுத்தாத மாத்திரைகளை அடிக்கடி பார்க்கிறேன். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனால் பார்க்க முடியாது. ஞாயிறு மாலை, அதிகாலை ஐந்தரை, இரவு ஒன்பது, இவைதான் ஓர் இல்லத்தின் நிஜமான நேரங்கள்.

சட்டத்தைப் பற்றிக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேராவது தங்கும்படி அரசே இல்லம் அமைப்பதைப் பேசுகிறது. தனியார் இல்லங்களைப் பதிவு செய்வதையும் குறைந்தபட்சத் தரத்தையும் சேர்க்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அது நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்துவிட்டது. இது எனக்கு ஆறாத வருத்தம். அதனால் வேறு சட்டங்களைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பார்க்கின்சன் உட்பட 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் 7-ஆம் பிரிவுப்படி, கொடுமை நடக்கிறது என்று நம்பும் எவரும் நிர்வாக நடுவரிடம் (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் கொடுக்கலாம், சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே சாப்பாடோ தண்ணீரோ மறுத்தால் 92-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. மனநலப் பாதிப்புள்ளவர்களைத் தங்கவைக்கும் இடம் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். அங்கே சங்கிலி போடுவது எந்த நிலையிலும் குற்றம். கட்டி வைப்பதற்கும் கடுமையான நிபந்தனைகள் உண்டு, ஒவ்வொரு முறையும் பதிவு செய்தாக வேண்டும். இரண்டு ஆளுக்குப் பணம் வாங்கி ஒருவரை வைத்தால் அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக்கூடிய சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. அரசு மானியம் வாங்கும் இல்லம் என்றால், துறை நடத்திய ஆய்வின் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள் என்ற விதி இருப்பதை நினைவில் வையுங்கள்.

பெங்களூரில் 1090 மூத்த குடிமக்களுக்கான உதவி எண், நகரக் காவல் துறையும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டும் சேர்ந்து நடத்துவது. நாடு முழுமைக்கும் 14567. பாலியல் அத்துமீறல், எலும்பு முறிவு, சந்தேகத்துக்குரிய மரணம், சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது, இவற்றில் எதற்கும் உள்விசாரணை என்று உட்காரக் கூடாது. நேராகப் போலீஸ். நானும் அங்கே நிறுத்திவிடுவேன், ரெஜிஸ்டரைப் பத்திரப்படுத்துவதோடு என் வேலை முடிந்தது.

அறிக்கையில் எது நிரூபணமானது, எது ஆகவில்லை, புகாரில் இல்லாமலே கண்ணில் பட்டது எது என்று தனித்தனியாக எழுத வேண்டும். நிரூபணமாகவில்லை என்றால் புகார் பொய் என்று ஆகிவிடாது, அந்த வரியை நான் விடாமல் சேர்ப்பேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புகாரை அவர் மொழியில் படித்துக் காட்டி, யோசிக்க நேரம் கொடுத்து, விருப்பப்பட்ட ஒருவரைக் கூட வைத்துக்கொள்ள அனுமதித்திருக்க வேண்டும். அவருடைய ஆதார் அட்டையையும் சம்பளப் பாக்கியையும் இல்லமோ, வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியோ பிடித்து வைத்திருந்தால் அதுவும் அறிக்கையில் வர வேண்டும். பயந்துபோன ஊழியர் உண்மை பேச மாட்டார்.

முடிவை அந்தப் பெரியவரிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மகனிடமும் மகளிடமும் சொல்லிவிட்டு அவரை மறந்துவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். மில் தொழிலாளியிடம் சொன்னபோது, “ரெண்டு பேரு போட்டுட்டாங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். அதன்பிறகு சில மாதங்களுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். பழிவாங்குவது அடியாக வருவதில்லை. சாப்பாடு கடைசியாக வரும், குளிக்கிற தண்ணீர் ஆறிப்போயிருக்கும், போன் சார்ஜர் காணாமல் போகும், மணி அடித்தால் பத்து நிமிஷம் ஆகும். இவற்றைப் பெயர் சொல்லியே கேட்பேன்: காப்பி எத்தனை மணிக்கு வந்தது, சூடாக இருந்ததா.

எனக்கு இன்னும் வழி தெரியாத இடம் ஏஜென்சிகள். நிரூபணமான பிறகும் அந்த ஆளை எடுத்துக்கொண்டு வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். எடுத்தவரை அடுத்த வாரமே கெங்கேரியிலோ வர்தூரிலோ இன்னோர் இல்லத்துக்கு அனுப்புவார்கள். இவர்களைப் பற்றிய பொதுப் பதிவேடு எதுவும் என் கையில் இல்லை. இல்லம் நடத்துபவர் யாராவது இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள். முன்பு உங்களிடம் வேலை பார்த்தவரைப் பற்றி வேறோர் இல்லத்திலிருந்து போன் வந்தால், நல்ல பொண்ணுதான் என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். விசாரணை நடந்ததா, எது நிரூபணமானது, எது ஆகவில்லை என்று அறிக்கையைப் பார்த்து உள்ளபடி சொல்லுங்கள். புதிதாக ஆள் எடுக்கும்போது அந்த போனை நீங்களும் பண்ணுங்கள்.